கட்டாத கம்பெனியின் கதை: கல்லணை மணல் முதல் குராய்டன் வரை

அக்கா மகளுக்கு வேலை கிடைத்த செய்தி வந்த அன்று என் அப்பா கேட்ட முதல் கேள்வி, “அந்தக் கம்பெனி என்னத்தம்மா கட்டுது?” என்பதுதான். அவள் சிவில் படித்தவள். இங்கிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியியல் ஆலோசனை நிறுவனம் ஒன்றின் இந்திய அலுவலகத்தில் அவளுக்கு வேலை. “கட்டுறது இல்ல தாத்தா, டிசைன் மட்டும்தான்” என்றாள்.

அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெண்ணாற்றின் கிளை ஒன்றில், தண்ணீரை அளந்து திறந்துவிடும் ரெகுலேட்டரின் ஷட்டரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏற்றி இறக்கியவர். ஒரு மூட்டை சிமெண்டு வாங்காமல், ஒரு லோடு மணல் இறக்காமல் ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரு கம்பெனி எப்படிச் சம்பளம் கொடுக்கும் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. நியாயமான கேள்வி. நம் காவிரி டெல்டாவில் இன்று நடக்கும் பெரிய நீர்ப்பாசன வேலைகள் பலவற்றிலும் ஒப்பந்தக்காரர் வருவதற்கு வெகுநாள் முன்பே இப்படிப்பட்ட ஆலோசகர்களின் அறிக்கை வந்துவிடுகிறது. வாய்க்காலின் தரை காங்கிரீட்டா மண்ணா என்பது அந்தத் தாள்களில்தான் முதலில் எழுதப்படுகிறது. ஆகவே அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், எதை விற்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது நமக்கு அவசியம்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன்: மாட் மெக்டொனால்டு. என் அக்கா மகள் சேர்ந்த இடம் அதுவல்ல. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதன் ஒரு கால் ஆற்று மணலில் ஊன்றி நிற்கிறது. அந்த மணலின் பாடத்தில் முதல் சில பக்கங்கள் நம் ஊரில் எழுதப்பட்டவை.

கல்லணையிலிருந்தே தொடங்க வேண்டும். கரிகாலன் கட்டியதாக நாம் போற்றும் அந்த அணை நிற்பது பாறை மேல் அல்ல. எவ்வளவு தோண்டினாலும் மணல்தான் வரும் ஆற்றுப் படுகை அது. பெரிய பெரிய கற்களை மணலில் போட, அவை தம் பாரத்தால் அமிழ, மேலும் மேலும் கற்களை அடுக்க, ஒரு கட்டத்தில் அமிழ்வது நின்று அடித்தளம் உறுதிப்படும். உள்ளே கல்லும் களிமண்ணும். அகலமாக, வளைந்து நெளிந்து, ஏறக்குறைய 329 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது.

மணலில் அணை கட்டுவதில் ஆபத்து எங்கே இருக்கிறது? மேலே வழியும் தண்ணீரை எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்தான் அணையைத் தின்னும். அணைக்கு மேல்புறம் தேங்கும் நீர், அடியில் மணலுக்குள் நுழைந்து ஊர்ந்து கீழ்ப்புறம் வெளியே வரும். வரும் வேகம் அதிகமானால் கூடவே மணலையும் அள்ளிக்கொண்டு வரும். வயல் வரப்பில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிந்து, காலையில் பார்க்கும்போது வரப்பே காணாமல் போயிருக்குமே, அதே கதை. இதற்கு மருந்து ஒன்றுதான்: தண்ணீர் ஊர வேண்டிய பாதையை நீளமாக்குவது. அணையின் அடி அகலமாக இருந்தால் ஊறும் நீர் களைத்துவிடும். கல்லணையின் அகலத்துக்கும் பாரத்துக்கும் இந்தப் பொருளும் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெல்டாவின் நிலைமை மோசமாக இருந்தது. காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம் தாழ்வாகவும் நேராகவும் ஓட, காவிரியின் படுகை வண்டலேறி மேடாக, தண்ணீர் எல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல், அவை பிரியும் முக்கொம்பில் மேலணையைக் கட்டி, காவிரிக்குத் தண்ணீரைத் திருப்பினார். அதே காலத்தில் கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் அமைக்கும் வித்தையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்தே கற்றோம் என்று காட்டன் பின்னாளில் எழுதினார். இதை ஒரு வெள்ளைக்காரப் பொறியாளரின் பெருந்தன்மை என்று கடந்துவிடக் கூடாது. அது தொழில்நுட்ப வாக்குமூலம்.

மேலணை கட்டியதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. காவிரிக்குள் அளவுக்கு மேல் தண்ணீர் பாய, 1840களில் மேலணையின் நடுப்பகுதி உயரத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. ஆற்றில் ஓரிடத்தில் கை வைத்தால் வேறோர் இடத்தில் அது பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்க அங்கேயே ஆள் இருந்தால்தான் முடியும். அன்று அரசுத் துறையின் பொறியாளர்கள் இருந்தார்கள்.

முக்கொம்பில் கற்ற பாடத்தைக் காட்டன் கோதாவரிக்கு எடுத்துப்போனார். தவளேஸ்வரம் அணை 1852இல் முடிந்தது. வடக்கே கங்கைக் கால்வாய் 1854இல் திறக்கப்பட்டது. அங்கே ரூர்க்கியில் 1847இல் தொடங்கிய கல்லூரி கால்வாய்ப் பொறியாளர்களை உருவாக்கியது. இந்த அணைகளும் கால்வாய்களும் சேர்ந்து நீர்ப்பாசனப் பொறியியலில் ஒரு பள்ளியாகவே ஆயின. பிறகு அந்தப் பள்ளி கடல் கடந்தது.

எகிப்தில் நைல் நதி இரண்டாகப் பிரியும் இடத்தில், நம் முக்கொம்பு போன்ற ஓர் இடத்தில், பிரெஞ்சுப் பொறியாளர்கள் ஒரு பெரிய கதவணை கட்டியிருந்தார்கள். மணல் அடித்தளம் ஏமாற்றியது, விரிசல் விட்டது. தண்ணீரைத் தேக்கப் பயந்து ஏறக்குறைய சும்மா விட்டிருந்தார்கள். 1882இல் ஆங்கிலேயர் எகிப்தைக் கைப்பற்றியதும், இந்தியக் கால்வாய்களில் வேலை பார்த்த காலின் ஸ்காட் மான்கிரீஃப் அங்கே அனுப்பப்பட்டார். இந்தியாவில் பழகிய வேறு சில பொறியாளர்களையும் அவர் வரவழைத்தார். அணையின் தரைத்தளத்தை முன்னும் பின்னும் நீட்டி, தடிமனாக்கி, 1890 வாக்கில் அதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஊறும் பாதையை நீட்டும் அதே மருந்து. அவர்களில் ஒருவரான வில்லியம் வில்காக்ஸ் இந்தியாவில் பிறந்து ரூர்க்கியில் படித்தவர். 1902இல் முடிந்த அஸ்வான் அணைக்குத் திட்டம் போட்டவர்.

அந்த அஸ்வான் அணை வேலைக்கு 1898இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து சேர்ந்தவர்தான் மர்டாக் மெக்டொனால்டு. ஊரில் ரயில்வேயில் வேலை பார்த்தவர். நைலில் படிப்படியாக உயர்ந்து, 1907 முதல் 1912 வரை அஸ்வான் அணையை உயர்த்தும் வேலையை நடத்தி, எகிப்தின் பொதுப்பணி அமைச்சகத்துக்கே ஆலோசகரானார். நைல் நீர் கணக்கு விவரங்களை அவர் திரித்துவிட்டார் என்று வில்காக்ஸ் பகிரங்கமாகக் குற்றம் சாட்ட, வழக்கு நடந்து, 1921இல் அவதூறு செய்ததாக வில்காக்ஸ்தான் தண்டிக்கப்பட்டார். எத்தனை கனஅடி ஓடுகிறது என்பதற்காக இரண்டு பொறியாளர்கள் நீதிமன்றப் படி ஏறிய கதை, காவிரிக்காரர்களான நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

எகிப்திலிருந்து திரும்பிய மெக்டொனால்டு 1920களில் இங்கிலாந்தில் ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். அரசு வேலையில் ஆற்றோடு புரண்டு கற்ற அறிவு ஒரு தனியார் கம்பெனியின் மூலதனமாக மாறியது அப்போதுதான். அன்று பேரரசின் பல மூலைகளில் வேலை பார்த்துத் திரும்பிய பொறியாளர்கள் பலர் இப்படித்தான் லண்டனில் அலுவலகம் போட்டார்கள். காலனிகள் சுதந்திரம் பெற்ற பிறகும் அந்தந்த நாட்டு ஆறுகளைப் பற்றிய கோப்பும் அனுபவமும் இவர்கள் கையில் இருந்தன. சுதந்திர அரசுகளும் உலக வங்கியும் இவர்களிடமே வந்தன. சிந்து நதியின் கீழ்ப்பகுதிக்கான பெரிய ஆய்வறிக்கையை 1966இல் கொடுத்தவர்களில் மெக்டொனால்டு நிறுவனமும் ஒன்று.

மாட் மெக்டொனால்டின் இன்னொரு கால் மண்ணுக்கு அடியில். லண்டனின் முதல் ஆழ்நிலை மின்சாரச் சுரங்க ரயில் 1890இல் ஓடியது. அந்த வேலையில் இருந்த பேசில் மாட், டேவிட் ஹேயுடன் 1902இல் கூட்டுச் சேர்ந்தார். பின்னர் டேவிட் ஆண்டர்சன் சேர, மாட், ஹே அண்ட் ஆண்டர்சன் ஆனது. லிவர்பூலில் மெர்சி ஆற்றின் அடியில் 1934இல் திறந்த சுரங்கச் சாலையும் நியூகாசிலின் டைன் பாலமும் இவர்கள் பெயர் சொல்பவை. இங்கிலாந்தையும் பிரான்ஸையும் கடலடியில் இணைக்கும் சுரங்கத்தில் ஆங்கிலேயப் பக்க வடிவமைப்பிலும் இவர்கள் இருந்தார்கள். 1989இல் இந்தச் சுரங்கக் கம்பெனியும் அந்த ஆற்றுக் கம்பெனியும் இணைந்து மாட் மெக்டொனால்டு ஆயின. இந்தியாவிலும் டலால் என்ற ஆலோசனை நிறுவனத்துடன் சேர்ந்து கால் பதித்தது. பல காலம் அதன் தலைமையகம் லண்டனின் தென்புறம் குராய்டனில் இருந்தது.

இந்தத் தொழிலில் இணைப்பு என்பது விதி போல. டெல்டாவில் காவிரி பிரிந்துகொண்டே போகும்; இந்தக் கம்பெனிகளின் வரலாறோ மேட்டூருக்கு மேலே இருக்கும் காவிரி போன்றது. கபினி வந்து விழும், ஏமாவதி வந்து விழும், கடைசியில் ஒரே பெயர்தான் மிஞ்சும். 1868இல் வேர் கொண்ட ஹால்க்ரோ 2011இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்குள் போனது. அந்தக் கம்பெனி 2017இல் ஜேக்கப்ஸுக்குள் போனது. 1938இல் பிறந்த ஆட்கின்ஸை 2017இல் கனடாக்காரர்கள் வாங்கினார்கள். நெதர்லாந்தில் தரிசு நிலத்தைத் திருத்த 1888இல் தொடங்கிய சங்கம்தான் இன்று ஆர்காடிஸ் என்ற பெயரில் பங்குச் சந்தையில் இருக்கும் பன்னாட்டு நிறுவனம். பழைய பெயர்கள் பல கோப்புகளில் மட்டுமே உயிரோடு இருக்கின்றன.

மாட் மெக்டொனால்டு அப்படி விழுங்கப்படாததற்கு அதன் உடைமை முறை முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. அதன் பங்குகள் ஊழியர்களிடமே இருக்கின்றன. வேலையை விட்டுப் போகும்போது பங்கையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். 1946இல் தொடங்கிய ஆரூப் நிறுவனமும் வெளியாருக்குப் பங்கு விற்காமல், அறக்கட்டளைகள் மூலம் ஊழியர் நலனுக்காக நடத்தப்படுவது. சந்தையில் ஒரே நாளில் வாங்கிப்போட முடியாத கம்பெனிகள் இவை.

இனி அப்பாவின் கேள்விக்கு வரலாம். எதை விற்கிறார்கள்? ஆட்களின் நேரத்தை. மாட் மெக்டொனால்டில் ஏறக்குறைய 20,000 பேர். ஆண்டு வருவாய் 200 கோடி பவுண்டுக்கு மேல். வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒரு லட்சம் பவுண்டு. நிலமோ ஆலையோ இயந்திரமோ அந்த வருவாயைக் கொண்டுவரவில்லை. நிபுணர் ஒருவர் ஒரு மாதம் வேலை செய்தால் இவ்வளவு என்று ‘ஆள்-மாதம்’ கணக்கில் விலை போடுவார்கள். அல்லது முழு வேலைக்கும் ஒரே தொகை பேசுவார்கள். கட்டுமானத்தின் மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் இந்தக் கட்டணம் சிறு பகுதிதான். ஆனால் மீதிப் பணம் எங்கே எப்படிச் செலவாகும் என்பதை அந்தச் சிறு பகுதி தீர்மானிக்கிறது. தவறான வடிவமைப்புக்கு வழக்கு வந்தால் சமாளிக்கக் காப்பீடும் எடுத்து வைத்திருப்பார்கள்; அறிவை விற்பவரின் பெரிய செலவுகளில் அதுவும் ஒன்று.

வேலை கிடைப்பதும் நம் ஊர் டெண்டர் போல இருக்காது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி திட்டங்களில் ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது பல நேரம் தகுதிக்கு 80 மதிப்பெண், விலைக்கு 20 மதிப்பெண் என்று வைப்பார்கள். தகுதி என்பதில் பெரும்பங்கு, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பது: தலைவர், நீரியல் நிபுணர், மண் நிபுணர், சமூக ஆய்வாளர் என்று ஒவ்வொருவரின் வாழ்க்கைக் குறிப்பும் எடை போடப்படும். வேலை எடுத்தபின் தொடக்க அறிக்கை, இடைக்கால அறிக்கை, விரிவான திட்ட அறிக்கை என்று வரிசையாகக் கொடுக்க வேண்டும். அறிக்கைதான் சரக்கு.

கட்டும் கட்டத்தில் இவர்களுக்கு இன்னொரு வேடம் உண்டு. வேலை கொடுப்பவர், ஒப்பந்தக்காரர், இருவருக்கும் நடுவே ‘பொறியாளர்’. ஃபிடிக் என்ற பன்னாட்டு ஆலோசகர் சங்கம் 1913இல் தோன்றியது. 1957இல் அது வெளியிட்ட சிவப்புப் புத்தகம் என்ற ஒப்பந்த மாதிரி இந்த மூன்று பேர் ஏற்பாட்டை உலகம் முழுக்கப் பரப்பியது. மேட்டூர் அணையை 1925 முதல் 1934 வரை கட்டியபோது திட்டம் போட்டதும் மேற்பார்வை பார்த்ததும் அரசின் பொதுப்பணித்துறையே. உடைமையாளரும் பொறியாளரும் ஒரே வீட்டார். கட்டிய பிறகும் அதே துறை அங்கேயே இருந்து ஷட்டரைத் திருகியது. ஆலோசகரோ அறிக்கை கொடுத்துவிட்டு அடுத்த ஆற்றுக்குப் போய்விடுவார். இந்த வேறுபாடு எனக்கு உறுத்துகிறது.

நம் கடைமடையில் அண்மையில் நடந்ததைப் பாருங்கள். 2016இல் ஆசிய வளர்ச்சி வங்கி வெண்ணாறு உப வடிநிலத்துக்கு 10 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. அடப்பாறு, அரிச்சந்திரா நதி, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைச் சீரமைப்பதும், ரெகுலேட்டர்களையும் நீரேற்று நிலையங்களையும் புதுப்பிப்பதும் நோக்கம். கடல்மட்டம் உயர்வதையும் மழை ஒரே நாளில் கொட்டுவதையும் கணக்கில் கொண்ட திட்டம். இப்படிப்பட்ட வேலைக்குக் கணினியில் ஆற்றின் மாதிரியை உருவாக்குவார்கள்: இத்தனை அகலம், இத்தனை சரிவு, இவ்வளவு மழை பெய்தால் எந்த ஊரில் எத்தனை மணி நேரம் தண்ணீர் நிற்கும் என்று அது சொல்லும். அருமையான கருவி. ஆனால் அதற்குத் தீனி வேண்டும். பல ஆண்டு நீர்மட்ட அளவு வேண்டும். அந்த அளவை யார் எழுதினார்கள்? காலை ஆறு மணிக்கு அளவுகோலைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதிய லஸ்கர்கள். என் அப்பா எழுதிய எண்களும் எங்கோ ஒரு மாதிரிக்குள் போயிருக்கக்கூடும் என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

கல்லணைக் கால்வாய் நவீனப்படுத்தும் வேலைக்கு 2021இல் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு சுமார் 2,640 கோடி ரூபாய். தரையில் காங்கிரீட் போட்டால் தண்ணீர் விரைவாகக் கடைமடை சேரும் என்பது வடிவமைப்பின் வாதம். தரையை அடைத்தால் நிலத்தடி நீர் ஊறாது, கிணறும் குளமும் வற்றும் என்று விவசாயிகள் எதிர்த்தார்கள். இரண்டு வாதத்திலும் நீரியல் இருக்கிறது. எதிர்ப்பு, வேலை தொடங்கிய பின் கரையில் நின்று எழுந்தது என்பதுதான் வருத்தம். அறிக்கை தயாராகும் நாளிலேயே, தமிழில், ஒவ்வொரு பாசனதாரர் சங்கத்தின் கைக்கும் அது வந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் பல நூறு பக்கம் எழுதி இணையத்தில் ஏற்றிவிட்டால் மக்களிடம் கேட்டதாக ஆகாது.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஒரு பாடம் இருக்கிறது. சிந்து நதியின் இடது கரையில், உவர் நீரை வடித்துக் கடலில் விட, வெளிநாட்டு ஆலோசகர்கள், அரசுத் துறைகள், உலக வங்கி எல்லாம் சேர்ந்து நீண்ட வடிகால் ஒன்றை உருவாக்கினார்கள். உள்நாட்டில் பல வயல்கள் பயனடைந்தன. ஆனால் கடலோரம் சேரும் பகுதி 1999 சூறாவளியில் உடைந்தது. வடிகால் வழியே கடல்நீர் உள்ளே ஏறியது. மீனவர்களும் விவசாயிகளும் முறையிட, கடலோரப் பகுதியின் வடிவமைப்பில் குறைகள் இருந்ததை உலக வங்கியின் ஆய்வுக் குழு 2006இல் பதிவு செய்தது. வேதாரண்யத்திலும் தலைஞாயிறிலும் இருப்பவர்கள் படித்துவைக்க வேண்டிய அறிக்கை அது.

உள்ளூர்த் துறை கைவசம் இருந்தால் மட்டும் எல்லாம் தானாக நன்றாக நடந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு, காட்டன் கட்டிய அதே முக்கொம்பு மேலணையில் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் இடிந்து போயின. 182 ஆண்டு நின்ற அணை. பக்கத்தில் புதிய கதவணை வந்துவிட்டது. மணல் யாருக்கும் சலுகை காட்டுவதில்லை.

பொங்கலுக்கு வந்திருந்தபோது அக்கா மகள் லேப்டாப்பைத் திறந்து அவள் செய்யும் வேலையைத் தாத்தாவுக்குக் காட்டினாள். இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்தில் ஒரு சிறு ஆறு. நீல நிறத்தில் தண்ணீர் ஏறி இறங்கியது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆறு கடலில் சேரும் இடத்தில் விரலை வைத்தார்.

“இங்க ஆத்துத் தண்ணியக் கடல் வாங்காத நேரம் உண்டுல்ல?”

“உண்டு தாத்தா. கடல் ஓதம் ஏறுற நேரத்தைக் கணக்குல போட்டிருக்கோம்.”

“ஓதம் சரி. வாடைக்காத்து மூணு நாளு ஒரே மூச்சா அடிச்சா, ஓதம் எறங்குற நேரத்துலயும் கடல் வாங்காதும்மா. ஷட்டரத் தூக்கினா தண்ணி உள்ளதான் வரும். அதைப் போட்டிருக்கியா?”

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து எண்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு ஒரு பேனா எடுத்து, “எந்தெந்த வருஷம் அப்படி அடிச்சுது தாத்தா, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே அவர் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.